இரண்டேகால் மணி நேரக் கணக்கு

சென்னையிலிருந்து சேலத்துக்கு இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடலாம் என்று 2018இல் பேசினார்கள். அந்த இரண்டு ஊருக்கும் இடையே திட்டமிட்ட எட்டுவழிச் சாலைக்கு அதைவிடக் கவர்ச்சியான விளம்பரம் அமையவில்லை. சாலையின் நீளம் 277 கிலோமீட்டர். அதை இரண்டேகாலால் வகுத்தால் மணிக்கு 123 கிலோமீட்டர் வருகிறது. வண்டலூர்ப் பக்கம் வண்டியைக் கிளப்பியதிலிருந்து சேலத்தில் இறங்கும்வரை டீ குடிக்காமல், ஒதுங்காமல், டோல்கேட்டில் ஒரு நொடி நிற்காமல் போனால்கூடச் சராசரியே 123. அதே 2018இல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் காருக்கு விதித்த உச்ச வேகம் 120. அந்த அறிவிக்கையையும் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்துவிட்டது. சரக்கு லாரிக்கு அதே அறிவிக்கை கொடுத்தது 80தான். எனவே சட்டத்தை மதிக்கிற லாரிக்காரர் எட்டு வழி போட்டாலும் பதினாறு வழி போட்டாலும் சேலம் போய்ச் சேர மூன்றரை மணி நேரம் ஆகும்.

வகுத்தல் தெரிந்த பள்ளிப்பிள்ளை கேட்டிருக்க வேண்டிய இந்தக் கேள்வியைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் கேட்டதாக நினைவில்லை. கேள்வி எல்லாம் நிலம் தர மாட்டேன் என்றவர்களிடம்தான் போயிற்று.

சாலைத் திட்டம் எதுவானாலும் நம் ஊரில் பதில் தயாராக இருக்கிறது. நேரம் மிச்சம், டீசல் மிச்சம், விபத்து குறையும், நில மதிப்பு ஏறும், தொழிற்சாலை வரும். எதிர்ப்பவர்கள் ஒன்று விவரம் தெரியாத விவசாயிகள், இல்லாவிட்டால் அவர்களைத் தூண்டிவிடுகிறவர்கள். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தபோதும், 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்துக்கு மறுபடி வழிவிட்டபோதும் இதே வசனங்கள்தான். நீதிமன்றங்கள் பார்த்தது நடைமுறையை: சுற்றுச்சூழல் அனுமதி எந்தக் கட்டத்தில் வேண்டும், முதலில் சென்னை–மதுரை என்றிருந்தது சென்னை–சேலம் ஆனது முறைதானா என்பன போன்றவை. போடுகிற காசுக்கு இந்தச் சாலை தகுமா என்று தீர்ப்பது அவற்றின் வேலையும் இல்லை. அந்தச் சாலை இன்னும் காகிதத்தில்தான் கிடக்கிறது. ஆனால் ‘அது மட்டும் வந்திருந்தால்…’ என்கிற பெருமூச்சு ஓயவில்லை. தீபாவளிக்குக் காரில் ஊருக்குப் போய் நெரிசலில் மாட்டிக்கொள்கிற ஒவ்வொருவரும் அந்தப் பெருமூச்சை விடுகிறார்கள். அது தப்புக் கணக்கின் மேல் எழும் பெருமூச்சு என்பதே என் வாதம்.

ஒரு சாலையின் பயனை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கென்றே ஒரு கையேடு வைத்திருக்கிறது. சிறப்பு வெளியீடு 30 என்று பெயர். சாலையோரம் ஆள் வைத்து, இரவு பகலாக, வழக்கமாக ஒரு வாரத்துக்கு, போகிற வருகிற வண்டிகளை வகைபிரித்து எண்ணுவார்கள். சில இடங்களில் வண்டியை நிறுத்தி எங்கிருந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த எண்ணிக்கையை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று வளர்த்துக்கொண்டே போவார்கள். புதுச் சாலை வந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் எரிபொருள், டயர், தேய்மானம், நேரம், விபத்து ஆகியவற்றில் எவ்வளவு குறையும் என்று போட்டு, அதை ரூபாயாக்கி, இருபது முப்பது ஆண்டுக்குக் கூட்டுவார்கள். செலவோடு ஒப்பிட்டால் வருவாய் வீதம் 12 சதவீதத்தைத் தொடுகிறதா? தொட்டால் பாஸ்.

இதை ஒரு கிழிந்த காகிதத்தில் நாமே போட்டுப் பார்க்கலாம். எட்டுவழிச் சாலைக்கு அன்று சொன்ன மதிப்பு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,200 கோடி, நாளொன்றுக்கு மூன்றேகால் கோடிக்குச் சற்று மேல். பராமரிப்பையும் வளர்ச்சியையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம். நாளைக்கு 30,000 வண்டிகள் முழு நீளமும் ஓடுவதாக வைத்தால், ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு நடைக்கும் ஏறத்தாழ 1,100 ரூபாய் பயன் அடைய வேண்டும். தூரம் அறுபது கிலோமீட்டர் குறைகிறது என்று கொண்டால், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுக்கும் லாரிக்குப் பதினைந்து லிட்டர் டீசல் மிச்சம். பம்பு விலையில் அது 1,300 ரூபாயைத் தாண்டும். ஆனால் பொருளாதாரக் கணக்கில் வரியைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் வரி என்பது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிற காசு. கழித்தால் ஆயிரத்துக்குக் கீழே இறங்கும். டயரும் டிரைவர் படியும் சேர்ந்தால் மறுபடி ஏறும். காருக்கு எரிபொருளில் நானூறு ரூபாய் மிஞ்சினால் அதிகம். மீதி எழுநூறை நேரம்தான் தர வேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் பிடித்து, மணிக்கு 175 ரூபாய் என்று விலை போட்டால் அதுவும் வந்துவிடுகிறது.

கணக்கு தேறிவிட்டது, பார்த்தீர்களா! என் சந்தேகமே இங்கேதான் தொடங்குகிறது. ஏறக்குறைய எந்தப் பெரிய சாலையும் இந்தக் கணக்கில் தேறிவிடும். எதோடு ஒப்பிட்டுத் தேறுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒப்பிடப்படுவது ‘ஒன்றுமே செய்யாமல் விட்டுவிட்டால்’ என்கிற நிலையோடு. முப்பது ஆண்டு யாரும் எதையும் தொட மாட்டார்கள், பழைய சாலை அப்படியே நெரிந்துகொண்டு கிடக்கும், ரயில் அதே வேகத்தில் போகும் என்று வைத்துக்கொண்டால் எந்தத் திட்டத்துக்கும் லாபம் கொட்டும்.

பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல் 1964இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. அமெரிக்காவை வளர்த்ததே ரயில்தான் என்று எல்லோரும் சாதித்துக்கொண்டிருந்த காலம். அவர் கேட்டது எளிய கேள்வி: ரயில் இல்லாவிட்டால் மக்கள் கைகட்டிக்கொண்டா இருந்திருப்பார்கள்? கால்வாய் வெட்டியிருப்பார்கள், ஆற்றில் படகு விட்டிருப்பார்கள், வண்டிப்பாதையைச் செப்பனிட்டிருப்பார்கள். அந்த அடுத்த நல்ல வழியோடு ஒப்பிட்டு 1890ஆம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால், ரயில் கூடுதலாகக் கொடுத்தது தேசிய வருமானத்தில் சில சதவீதம்தான் என்று வந்தது. அவர் முடிவோடு சண்டை போட்டவர்கள் நிறைய. போடவும் இடம் உண்டு. ஆனால் ஒப்பிடும் முறையை யாராலும் தட்ட முடியவில்லை. 1993இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் நெடுஞ்சாலைத் திட்ட அறிக்கைகள் அந்தப் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

எட்டுவழிச் சாலைக்கு அடுத்த நல்ல வழி எது? தேட வேண்டிய அவசியமே இல்லை, அது கண்ணெதிரே கிடக்கிறது. சென்னையிலிருந்து சேலத்துக்கு ஏற்கெனவே இரண்டு நெடுஞ்சாலைகள் உண்டு. ஒன்று வேலூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழி. இன்னொன்று விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழி. இரண்டாவதில் உளுந்தூர்ப்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையிலான 136 கிலோமீட்டரை ஓட்டிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலுவழி என்று பெயர். கள்ளக்குறிச்சி, ஆத்தூர் என்று ஊர் பைபாஸ் வரும்போதெல்லாம் அது இரண்டு வழியாகச் சுருங்கிவிடும்படி கட்டினார்கள். நூறில் வந்துகொண்டிருக்கிற வண்டி திடீரென்று எதிர்வண்டியின் முகத்துக்கு நேரே போய் நிற்கும். அந்தப் பக்கத்து மக்கள் எத்தனை சாவு பார்த்தார்கள் என்பதை அவர்களிடமே கேளுங்கள். சுங்கச்சாவடி வசூல் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. அந்தச் சில பைபாஸ்களை அகலப்படுத்தியிருந்தால் சேலம் வண்டிக்கு எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்? எத்தனை உயிர்? 10,000 கோடியில் எத்தனையில் ஒரு பங்கு செலவாகியிருக்கும்? எட்டுவழிச் சாலையின் பயன் என்று சொல்ல வேண்டியது, இதைச் செய்த பிறகு மிஞ்சுகிற வித்தியாசத்தைத்தான். மிஞ்சும் மொத்த நேரத்தையும் அதன் பேரில் எழுதிக்கொள்வது, வீட்டில் இருக்கிற சைக்கிளைக் கணக்கில் காட்டாமல் பைக் வாங்கினால்தான் கடைக்குப் போக முடியும் என்று அப்பாவிடம் காசு கேட்கிற கதை.

ரயிலை எங்கே வைப்பது? 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்தில் சேலத்தில் கொண்டுபோய் இறக்குகிறது. அதுவும் சென்ட்ரலில் ஏறி. எட்டுவழிச் சாலை தொடங்குவதோ புறநகரில். கோயம்பேட்டுக்குப் பதிலாகத் தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கத்தில் கட்டிய நிலையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது சென்னைக்காரர்கள் என்ன புலம்பினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்: ஊருக்குப் போகிற நேரத்தைவிடக் கிளாம்பாக்கம் போகிற நேரம்தான் உயிரை எடுக்கிறது என்று. வடசென்னையிலிருந்து சேலம் போகிறவருக்கு முதல் முப்பது நாற்பது கிலோமீட்டரில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துவது, எட்டுவழிச் சாலைக்காக மஞ்சவாடிக் கணவாயில் மலையடிவாரத்தை வெட்டி மிச்சப்படுத்துவதைவிட மலிவா, விலையா? அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பேருந்து ஒரு துறை, புறநகர் ரயில் இன்னொரு துறை, நெடுஞ்சாலை வேறொரு துறை. ஒரு துறையின் கையேட்டில் மற்றத் துறையின் தீர்வு வராது.

அந்த 30,000 வண்டிக்கு வருவோம். எங்கிருந்து வரும்? வேலூர் வழியில் போகிற வண்டிகளில் கணிசமானவை ஓசூருக்கும் பெங்களூருக்கும் போகிறவை. விழுப்புரம் வழியில் போகிறவற்றில் திருச்சி, மதுரை, நெல்லை வண்டிகள் உண்டு. சேலம், ஈரோடு, கோவை, கேரளம் என்று போகிறவை மட்டுமே புதுச் சாலைக்குத் திரும்பும். பழைய சாலைகளில் எண்ணிய தலைகளை எல்லாம் புதுச் சாலைக்கு வாக்காளராகச் சேர்க்க முடியாது. அப்புறம் அந்த வளர்ச்சி வீதம். ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்வது பொதுவான பழக்கம். கேட்கச் சின்ன எண். முப்பது ஆண்டில் அது நாலேகால் மடங்கு. பெண்ட் ஃபிளவ்பியர் என்ற டென்மார்க் ஆய்வாளரும் அவரது குழுவும் பல நாட்டுத் திட்டங்களைத் திரட்டி 2005இல் வெளியிட்ட ஆய்வில், சாலைத் திட்டங்களில் பாதிக்கு உண்மையான போக்குவரத்து கணித்ததிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தது. கூடவும் செய்தது, குறையவும் செய்தது. ரயில் கணிப்புகள் இதைவிட மோசம், அங்கே பெரும்பாலும் ஊதிப் பெருக்கியே சொல்லியிருந்தார்கள். ரயில் பக்தர்களுக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

கூடுகிற போக்குவரத்தும் எப்போதும் நல்ல செய்தி இல்லை. அகலமான சாலை தனக்கான கூட்டத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்பதைப் பிரிட்டிஷ் அரசின் நிபுணர் குழு 1994இலேயே ஒப்புக்கொண்டது. பொருளாதார ஆய்வாளர்கள் டுராண்டனும் டர்னரும் 2011இல் அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, சாலை எவ்வளவு நீளுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டி ஓட்டமும் நீளுகிறது என்று காட்டினார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டாம்.

செலவுப் பக்கம் இன்னும் சுவையானது. 2017 அக்டோபரில் மத்திய அமைச்சரவைக் குழு பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோது ஒரு கிலோமீட்டருக்குச் செலவு 15.37 கோடி ரூபாய் என்று இருந்தது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கையில் சொன்னது: அனுமதிக்கப்பட்ட திட்டங்களில் அது 32.17 கோடி ஆகிவிட்டது. டெல்லிப் பக்கத்துத் துவாரகா விரைவுச் சாலையில் 18.20 கோடி என்றிருந்தது 250.77 கோடி. மேம்பாலம், சுரங்கம் என்று வடிவம் மாறியதால்தான் இந்த உயர்வு என்று அமைச்சகம் விளக்கம் சொன்னது. இருக்கட்டும். செலவு இரண்டு மடங்கானபோது, 12 சதவீதம் தேறியது என்று சொன்ன பழைய பயன் கணக்கை யாராவது திரும்பத் திறந்து பார்த்தார்களா? இதைத்தான் நான் கேட்கிறேன். மாணவன் தேர்வு எழுதி முடித்தபின் மொத்த மதிப்பெண்ணை நூறிலிருந்து இருநூறாக மாற்றிவிட்டு, ‘ஏற்கெனவே பாஸ்தானே’ என்று சொல்ல முடியுமா?

இனி, யாருடைய நேரம் என்ற கேள்வி. இந்தக் கணக்குகளில் மணிக்கு விலை போடுவது வருமானத்தை வைத்து. கார்ப் பயணியின் ஒரு மணி விலை கூடுதல், பேருந்துப் பயணியின் ஒரு மணி மலிவு. பிரிட்டனில் வேலை சாராத பயண நேரத்துக்கு வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே சராசரி விலை போடுகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வர்க்கம் பார்த்துப் பழகிய அந்த நாட்டிலேயே! இங்கே கார் ஓடுகிற சாலைக்குப் பயன் பெருகிக் காட்டும், பேருந்து ஓடுகிற சாலைக்குச் சுருங்கிக் காட்டும். பேருந்து நிறுத்தத்தில் நிற்கிற நேரமோ கணக்கிலேயே வராது, அது சாலையில் ஓடுகிற நேரம் இல்லையே. அரூரில் பேருந்துக்காக முக்கால் மணி நின்று, கூட்டத்தில் ஏற முடியாமல் அடுத்ததற்கும் நிற்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தை மீட்டுக்கொடுக்க எட்டு வழி தேவையில்லை, இன்னும் இரண்டு பேருந்து போதும். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிஞ்சுகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொன்னது. அதை ‘இலவசம்’ என்று முகம் சுளிக்கிறவர்களே, காரில் போகிறவருக்கு நடைக்கு எழுநூறு ரூபாய் நேரம் வாங்கிக் கொடுப்பதை ‘உள்கட்டமைப்பு’ என்கிறார்கள்.

நிலத்துக்காரர் பக்கம் போனால் கணக்கு இன்னும் கோணலாகிறது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என்று அன்றைய ஐந்து மாவட்டங்களில் 1,900 ஹெக்டேருக்குக் குறையாத நிலம் தேவைப்பட்டது. இதில் செங்கம், ஊத்தங்கரை, அரூர்ப் பக்கமெல்லாம் கிணற்றுப் பாசனத்தில் பிழைக்கிற பூமி. ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது என்று வையுங்கள். சாலைக்கு அரை ஏக்கர்தான் போகிறது. அந்த அரை ஏக்கரில் கிணறு இருக்கிறது. இழப்பீட்டுப் பட்டியலில் நிலத்துக்கு ஒரு தொகை, கிணற்றுக்குக் கட்டுமான மதிப்பு ஒரு தொகை, தென்னை ஒன்றுக்கு இவ்வளவு, மோட்டார் கொட்டகைக்கு இவ்வளவு. மிச்சமுள்ள ஒரு ஏக்கர் கையில் இருக்கிறது, ஆனால் அது மறுநாளே வானம் பார்த்த பூமி. நிலம் துண்டாடப்பட்டதால் வரும் சேதத்துக்கும் ஈடு கேட்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி உண்டு. அதை மெய்ப்பித்து வாங்குகிற பாடு நிலத்துக்காரர் தலையில். நிலத்தின் விலையை எடுப்பது பத்திரப் பதிவுகளையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்து. முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து பாதி விலைக்குப் பதிவு செய்கிற நாட்டில் அந்த மதிப்பு எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. திட்ட மதிப்பீட்டில் நிலத்தின் ‘செலவு’ என்று எழுதுவது விவசாயி இழந்ததை அல்ல, அவருக்குக் கொடுக்கப்போகிற தொகையை. கொடுப்பதைக் குறைத்தால் செலவு குறையும். செலவு குறைந்தால் சாலையின் வருவாய் வீதம் ஏறும். விவசாயியை எவ்வளவு குறைத்துப் போடுகிறோமோ அவ்வளவுக்கு அந்தச் சாலை நாட்டுக்கு நல்லதாகிவிடும்!

வேலி போட்ட விரைவுச் சாலைக்குக் குறுக்கே போகிறவர்கள் கதையும் இப்படித்தான். வீடு இந்தப் பக்கம், கொல்லை அந்தப் பக்கம். இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு சுரங்கப்பாதை இருக்கிற இடம்வரை போய், அந்தப் பக்கம் ஏறி, திரும்ப அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, முப்பது வருஷம். காரில் போகிறவரின் மிச்சம் நிமிடக் கணக்கில் ஏடேறும். இவர் இழப்பு ஏறாது. வண்டி எண்ணுகிற ஆட்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்தார்கள், வண்டிப்பாதையில் யாரும் உட்காரவில்லை.

முப்பது வருஷம் என்றதும் இன்னொன்று. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் பின்னோக்கிக் கணக்கிடும் தள்ளுபடியில், முப்பதாவது ஆண்டில் வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறத்தாழ மூன்று ரூபாய் முப்பது பைசா. வற்றிய ஊற்று, வழி மாறிய ஓடை, பேரன் காலத்துத் தண்ணீர் எல்லாம் அந்த மூன்று ரூபாய்க்குள் அடக்கம்.

விபத்து குறையும் என்பதைப் பெரிய பயனாகக் காட்டுகிறார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825, இருசக்கர வண்டியில் போனவர்கள் 74,897. இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. விரைவுச் சாலையில் இவர்களுக்கு இடமே இல்லை. 2023 மார்ச்சில் திறந்த பெங்களூர்–மைசூர் சாலையில் விபத்துகள் குவிந்தபோது, ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர்களைப் பிரதான பாதையிலிருந்து விலக்கி ஓரச் சாலைக்கு அனுப்பினார்கள். பாதுகாப்புக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சாலை யாருடையது என்பதும் அன்றே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டிலோ போலீஸ் பதிவின்படி 2016இல் 17,218 ஆக இருந்த சாலை மரணங்கள் 2019இல் 10,525 ஆகக் குறைந்தன. எந்த எட்டுவழிச் சாலையாலும் அல்ல. விபத்து நடக்கும் இடங்களைக் கண்டுபிடித்துத் திருத்தியது, 108 ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, அடிபட்டவருக்கு உடனடிச் சிகிச்சை கிடைத்தது, ஹெல்மெட் கெடுபிடி ஆகிய சில்லறைச் செலவுகளுக்குத்தான் அதில் பெரும்பங்கு. பிறகு கவனம் தளர்ந்தது; 2022இல் எண்ணிக்கை 17,884. உயிரைக் காப்பாற்றுவதுதான் நோக்கம் என்றால் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு நம் ஊர்ப் புள்ளிவிவரமே போதும்.

‘சாலை வந்தால் தொழில் வரும், ஊர் வளரும்’ என்பது இன்னொரு மந்திரம். இதில் எதிர்த்தரப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன்: தங்க நாற்கரச் சாலையை ஒட்டிப் பத்து கிலோமீட்டருக்குள் ஆலை உற்பத்தி வளர்ந்தது என்று நல்ல ஆய்வு இருக்கிறது. ஆனால் சீனத்து நெடுஞ்சாலை வலைப்பின்னலை ஆராய்ந்த பென் ஃபாபர் 2014இல் கண்டது வேறு: பெருநகரங்களுக்கு இடையில் அகப்பட்டுச் சாலையோடு இணைந்த சிறு வட்டங்களில் தொழில் வளர்ச்சி, இணையாத வட்டங்களைவிடக் குறைந்துபோயிற்று. சாலை இரண்டு பக்கமும் ஓடும். ஊர்ப் பொருளை நகரத்துக்குக் கொண்டுபோகிற அதே சாலை, நகரத்துப் பொருளை ஊருக்குள் மலிவாகக் கொண்டுவந்து இறக்கும். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தை ஆராய்ந்து ஆஷரும் நோவோசாடும் 2020இல் எழுதியதும் படிக்க வேண்டியது. சாலை போய் நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், ஆட்கள் விவசாயத்தை விட்டு வெளிவேலைக்குப் போனார்கள். மற்றபடி வருமானத்திலோ சொத்திலோ விளைச்சலிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. வேலைக்குப் போகிற வழி திறப்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால் மேடையில் சொல்லப்படுகிற ‘வளர்ச்சி’ அது அல்ல.

நில மதிப்பு ஏறும் என்பதோ ஒரே லாபத்தை இரண்டு தரம் எண்ணுவது. நேரம் மிஞ்சுவதால்தான் மனை விலை ஏறுகிறது. நேரத்தை ஒருதரம் கணக்கில் சேர்த்தபிறகு மனை விலையையும் சேர்த்தால், பாலையும் விற்று அந்தப் பாலில் வந்த தயிரையும் விற்றதாக எழுதுகிற கணக்குப்பிள்ளை வேலை. அந்த ஏற்றமும் நிலம் கொடுத்தவருக்குப் போவதில்லை, பக்கத்து நிலத்தை முன்கூட்டியே வாங்கிப்போட்டவருக்குப் போகிறது.

இவ்வளவு சொன்னபிறகு, சாலையை எதிர்க்கிற என் நண்பர்கள் சிலர் கைதட்ட வருவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘நிலம் எங்கள் தாய், அதற்கு விலை போடாதே’ என்கிற முழக்கம் ஊர்வலத்தில் நன்றாக இருக்கும். கணக்கு நோட்டில் அதன் மதிப்பு பூஜ்யம். விலை போட மறுத்தால் கணக்குப் பார்க்கிறவன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவான். கிணறு போனதால் மிச்ச ஏக்கர் தரிசானதற்கு எவ்வளவு, தினம் சுற்றி நடப்பதற்கு எவ்வளவு, பேருந்துக்கு நிற்பதற்கு எவ்வளவு என்று நாமே எண் போட்டு முன்வைத்தால்தான் எதிரே இருப்பவர் பதில் சொல்லித் தீர வேண்டும். நிறுத்துவதும் இலவசம் அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009இல் அடிக்கல் நாட்டிய துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை ஏறத்தாழ 1,655 கோடித் திட்டம். கூவத்தின் போக்கைத் தடுக்கிறது என்று 2012இல் நிறுத்தப்பட்டது. தூண்கள் கூவத்தில் பல வருஷம் மொட்டையாக நின்றன, கன்டெய்னர் லாரிகள் வடசென்னையில் வரிசையில் நின்றன. 2022 மே மாதம் ஈரடுக்காக மறுபடி அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 5,850 கோடி. அந்தப் பத்தாண்டுத் தாமதத்துக்கு எந்தக் கட்சியும் கணக்குக் காட்டவில்லை.

‘இப்படியெல்லாம் பார்த்தால் எந்தச் சாலையுமே போட முடியாது’ என்று சொல்வார்கள். போடலாம். அடுத்த நல்ல வழியோடு நேர்மையாக மோதியும் ஜெயிக்கிற சாலைகள் நிறைய இருக்கும்; துறைமுகத்துச் சாலையேகூட ஜெயிக்கலாம், அதைக் கணக்குப் போட்டுக் காட்டட்டும். மழையில் துண்டிக்கப்படுகிற மலைக்கிராமத்துப் பாதை ஜெயிக்கும். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையின் குறுகிய பைபாஸ்கள் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும்.

அதற்கு அந்தக் கணக்கு முதலில் மக்கள் கண்ணில் பட வேண்டும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின்படி, பொது விசாரணைக்கு முன் தாக்க அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். அதனால் எத்தனை மரம் விழும், தூசி எவ்வளவு பறக்கும் என்பதாவது விவசாயி கைக்குத் தமிழில் வருகிறது. இந்தச் சாலை யாருக்கு எத்தனை ரூபாய் மிச்சப்படுத்தும், எந்த மாற்று வழியோடு ஒப்பிட்டார்கள், எத்தனை வண்டி வரும் என்று எதை வைத்துச் சொன்னார்கள் என்பதெல்லாம் இருக்கிற பொருளாதார அத்தியாயம் விரிவான திட்ட அறிக்கைக்குள் ஆங்கிலத்தில் கிடக்கிறது. அளவுக்கல் நடுவதற்கு முன்பே அந்த அத்தியாயத்தைத் தமிழாக்கி, வழியில் இருக்கிற ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் வைத்தால் என்ன? செலவு என்று சொல்ல மாட்டார்கள் என நினைக்கிறேன். 277 கிலோமீட்டருக்கு 10,000 கோடி என்றால் எட்டுவழிச் சாலை ஒரு மீட்டர் போட மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மொழிபெயர்க்க அதில் பாதி மீட்டர் காசு போதும்.